முதல் ஆயில்: எஞ்சின் பழக்கும் வழக்கம், திருவொற்றியூர் முதல் ஒரகடம் வரை

எஞ்சினை இறக்கி, சிலிண்டரை ரீபோர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு மீண்டும் ஏற்றிய வண்டிக்கு முதலில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பது பட்டறைகளில் நெடுநாளாக இருந்துவரும் விதி. ஐந்நூறோ ஆயிரமோ கிலோமீட்டர் ஓட்டி, அதை வடித்துவிட்டு, அதன் பிறகே சிந்தெடிக் ஊற்றலாம்; முதலிலேயே ஊற்றினால் ரிங் உட்காராது, வண்டி காலம் முழுக்க ஆயில் குடிக்கும் என்பார்கள். இந்த விதி பிறந்தபோது அதற்கு நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணத்தில் பாதி இப்போது இல்லை. மீதிப் பாதி பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அப்படி இடம்பெயர்ந்த ஊர்களில் ஒன்று, சென்னைக்குத் தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூரும் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் சேர்ந்த தொழில்பகுதி.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணுக்கு மழமழவென்று தெரிந்தாலும், ஹோனிங் கல் விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள் அதில் குறுக்கும் மறுக்கும் ஓடும். உழுத நிலத்தைப் போல அதில் மேடும் சாலும் உண்டு. புது ரிங் முதலில் மேடுகளின் நுனியை மட்டுமே தொடும். ஓட ஓட அந்த நுனிகள் தேய்ந்து தட்டையாகும். ரிங்கின் முகமும் சற்றுத் தேய்ந்து சுவரோடு பொருந்தும். சால்களில் ஆயில் தங்கி நிற்கும். இதைத்தான் ஆங்கில வழக்கில் ‘ரன்னிங்-இன்’ என்றும், பட்டறைப் பேச்சில் ரிங் உட்காருவது என்றும் சொல்கிறார்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்புறத்துக்குள் நுழைந்து அதை வெளியே தள்ளுகிறது. எஞ்சினுக்குச் சுமை ஏறினால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். பயந்து பயந்து உருட்டினாலும், நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் ஐடிலில் விட்டாலும் ரிங் தளர்வாகவே நிற்கும். சுவரில் தங்கும் ஆயில் வெந்து பழுப்பு வார்னிஷாகப் படிந்து சால்களை மூடிவிடும். மெக்கானிக் அதைப் பார்த்தால் ‘கிளேஸ் ஆயிடுச்சு’ என்பார். அதற்குப் பிறகு மறுபடி இறக்கி ஹோன் போடுவதுதான் வழி.

ஆகவே முதல் ஆயிலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் இருக்கின்றன. மேடுகள் தேய இடம்கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் பிஸ்டன் சுவரைக் கீறிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் ‘மினரலா, சிந்தெடிக்கா’ என்ற கேள்வியின் உள்ளடக்கம்.

1990-க்கு முன் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எஞ்சின் என்றால் பெரும்பாலும் ‘ஆயில் எஞ்சின்’தான். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர். ஏரி வற்றிய மாதங்களில் கிணற்றுத் தண்ணீரை இறைத்தது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். அதற்கு ஊற்றியது எஸ்.ஏ.இ. 30 அல்லது 40 என்ற ஒற்றைக் கிரேடு ஆயில். ரிங் மாற்றினால் வந்த மெக்கானிக்கே முதலில் வெறுமனே ஓடவிட்டு, பிறகு பம்பின் பெல்ட்டை மாட்டிச் சுமை ஏற்றுவார். பழக்குவது என்ற சொல்லை மாட்டுக்கும் எஞ்சினுக்கும் பொதுவாகவே பயன்படுத்திய காலம் அது. வண்டிச் சக்கரத்தின் அச்சுக்கு ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மசகு போட்டுப் பழகிய கைகளுக்கு, உராயும் இடத்தில் எண்ணெய் என்ன செய்யும் என்பது புதுச் செய்தியும் அல்ல. அந்த ‘மசகு’ என்ற சொல் தமிழ்நாட்டுப் பேச்சில் மங்கிவிட்டது. இலங்கைச் செய்தித்தாள்களில் ‘மசகு எண்ணெய்’ என்றால் இன்று கச்சா எண்ணெய்.

மோட்டார் எஞ்சின் தொழில் அப்போது சென்னையின் வடக்கே இருந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி எண்ணூரில் லாரியும் பஸ்ஸும் செய்தது. அதே 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட்டைக் கட்டியது. 1840-ல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய சிம்ப்சன், 1950-களில் பெர்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சினைச் செய்துகொண்டிருந்தது. பெட்ரோல் லாரிகளில் அந்த எஞ்சினைத் தூக்கி வைப்பது அந்நாளைய பெரிய வேலை. அதன் குழுமத்திலேயே 1949-ல் உருவான இந்தியா பிஸ்டன்ஸ், செம்பியத்தில் பிஸ்டனும் ரிங்கும் லைனரும் வார்த்தது. பட்டறைக்காரருக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் உள்ளூரிலேயே கிடைத்ததால் ரீபோர் என்பது மாநிலம் முழுக்கப் பரவிய கைத்தொழிலாயிற்று. உதிரிபாகம் தேடிச் சென்றவர்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய சாமான் என்றால் புதுப்பேட்டையும் இருந்தன.

அந்தத் தலைமுறை எஞ்சின்களில் புதுசுக்கும் புதுப்பித்ததற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டுமே ‘டைட்’டாகத்தான் வெளியே வரும். சிலிண்டர் சுவரின் கடைசி வேலையைச் செய்யும் பொறுப்பு ஓட்டுநரிடம் விடப்பட்டிருந்தது. பிரிட்டனில் புதுக் கார் வாங்கியவர்கள் ‘ரன்னிங்-இன், தயவுசெய்து முந்திச் செல்லவும்’ என்ற பொருளில் பின் கண்ணாடியில் சீட்டு ஒட்டிக்கொண்டார்கள். ஆயிலோடு கலக்கக் கூழ்மக் கிராஃபைட் சேர்ந்த ரன்னிங்-இன் கலவைகளும் விற்றன. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நாற்பது, ஐம்பதுக்கு மேல் விரட்டாமல் ஓட்டி, நடுவில் நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி கிளம்புவது ஒரு சடங்காகவே இருந்தது. சடங்கில் பாதி சரி: அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பைவிட வேகமாக விரியும், இடைவெளி குறைவாக இருந்தால் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். மற்றப் பாதி தவறு. மிதமிஞ்சிய நிதானமே பல எஞ்சின்களைக் கிளேஸ் ஆக்கியிருக்கிறது.

ரீபோர் பட்டறையில் வேலை நடக்கும் வரிசையைக் கவனித்தால், முதல் ஆயில் ஏன் மலிவானதாக இருக்க வேண்டும் என்பது எளிதில் விளங்கும். பிளாக்கை போரிங் மெஷினில் ஏற்றி அடுத்த ஓவர்சைஸுக்குக் கடைவார்கள், பெரும்பாலும் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதல். கடைந்த சுவரில் திருகு மரை போன்ற வரி விழுந்திருக்கும். அதன் மேல் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டுக்கொண்டு ஹோனிங் கற்களைச் சுழற்றி, மேலும் கீழுமாக ஓட்டுவார்கள். சுழற்சியும் ஏற்ற இறக்கமும் சேரும்போதுதான் குறுக்குக் கோடுகள் விழும். கை வேகம் தப்பினால் கோடுகள் படுத்துவிடும் அல்லது நிமிர்ந்துவிடும். சின்னப் பட்டறைகளில் டிரில் மெஷினில் மாட்டிய குண்டு ஹோனே இந்த வேலையைச் செய்தது. கல் உதிர்த்த பொடியும் இரும்புத் தூளும் அந்தச் சால்களுக்குள் அடைந்து கிடக்கும். பெட்ரோல் விட்டுக் கழுவினால் எண்ணெய்தான் போகும், பொடி போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்து, துணி சாம்பல் நிறம் காட்டாமல் வெளியே வரும்வரை கழுவ வேண்டும். கழுவியவுடன் ஆயில் தடவாவிட்டால் கண்ணெதிரிலேயே துரு பூக்கும். இந்தப் பொறுமை எல்லா இடத்திலும் இருந்ததில்லை. கழுவாமல் விட்ட பொடி புது ரிங்கை ஆயிரம் கிலோமீட்டரிலேயே தின்றுவிடும். பழியை ஆயில் ஏற்கும்.

எஞ்சினைப் பூட்டி முடித்தபின் ஊற்றும் முதல் ஆயில், உண்மையில் கழுவும் தண்ணீரைப் போன்றது. இருநூறு கிலோமீட்டரில் வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அதில் மீன் செதில் போல் மினுமினுப்பு தெரியும்: ரிங்கிலிருந்தும் சுவரிலிருந்தும் உதிர்ந்த உலோகம். ட்ரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதன் நுனியில் கரும்பசையாக அது அப்பியிருக்கும். இரண்டாவது முறை வடிக்கும்போது மினுமினுப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் உள்ளே வேறு எங்கோ தேய்மானம் நடக்கிறது என்று பொருள். இப்படி இரண்டு மூன்று முறை கொட்டப்போகும் ஆயிலுக்கு, மினரலைப்போல் பல மடங்கு விலையுள்ள சிந்தெடிக்கை யாரும் வாங்கமாட்டார்கள். மினரல் விதிக்குள் இருக்கும் முதல் காரணம் கணக்குப் புத்திதான். வேதியியல் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

மினரல் ஆயில் என்பது கச்சா எண்ணெயை வடித்துச் சுத்தம் செய்து எடுப்பது. சென்னைக்கு அதன் ஊற்றுக்கண் மணலி. இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965-ல் உருவாக்கிய மதராஸ் ரிஃபைனரீஸ், 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கொள்ளளவோடு ஓடத் தொடங்கியது. எரிபொருளோடு லூப் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயும் அங்கே எடுக்கப்பட்டது. கனமான பகுதியை வெற்றிடத்தில் வடிப்பது, கரைப்பான் கொண்டு தேவையற்ற சேர்மங்களைப் பிரிப்பது, குளிரவைத்து மெழுகை நீக்குவது என மூன்று கட்ட வேலை. ஆயிலிலிருந்து பிரிந்த அந்த மெழுகு தீப்பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் போயிற்று. இந்தியன் ஆயில் தன் லூப்புகளுக்குச் சர்வோ என்ற பெயரை 1972-ல் சூட்டியது. 1990-களின் தொடக்கத்தில் லூப் சந்தை தாராளமாக்கப்படும்வரை தமிழ்நாட்டுப் பட்டறைகளின் உலகம் பெரும்பாலும் இந்த வகை ஆயிலுக்குள்ளேயே அடங்கியிருந்தது. ‘மினரல்தான் ஊற்ற வேண்டும்’ என்று அப்போது யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. கடையில் வேறொன்று இல்லை.

விதியின் இன்னொரு வேர் விமானத்தில் இருக்கிறது. லைகமிங் போன்ற பிஸ்டன் விமான எஞ்சின் நிறுவனங்கள், புதிய அல்லது சிலிண்டர் மாற்றிய எஞ்சினை முதல் 50 மணி நேரமோ ஆயில் செலவு நிலைப்படும்வரையோ நேர் மினரல் ஆயிலில் ஓட்டச் சொல்கின்றன. இங்கே ‘மினரல்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் சிந்தெடிக் அல்ல. அழுக்கைக் கரைத்து மிதக்கவைக்கும் டிஸ்பர்ஸன்ட் சேராத, வெறும் ஆயில் என்பதே அதன் பொருள். அதே லைகமிங், டர்போ பொருத்திய சில எஞ்சின்களை முதல் நாளிலிருந்தே டிஸ்பர்ஸன்ட் ஆயிலில்தான் பழக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விமானத்தின் இந்த நுணுக்கமான விதி தரைக்கு வந்தபோது சொல் மட்டும் வந்தது, பொருள் வழியில் உதிர்ந்துவிட்டது. பட்டறைக்காரர் இன்று கடையில் வாங்கும் 20-டபிள்யூ-40 மினரல் ஆயிலில் டிடெர்ஜென்ட், டிஸ்பர்ஸன்ட், தேய்மானத் தடுப்புச் சேர்மம் எல்லாமே இருக்கின்றன. விமான விதி கேட்ட ‘மினரல்’ அது அல்ல.

சிந்தெடிக் ஆயிலின் கதை பலர் நினைப்பதைவிடப் பழையது. வாயுக்களையும் சிறு மூலக்கூறுகளையும் கோத்து எண்ணெய் செய்யும் முயற்சிகள் 1930-களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடந்தன. போர்க்காலத்தில் ஜெர்மனி எஸ்டர் வகைகளை விமானங்களுக்குப் பயன்படுத்தியது. ஜெட் எஞ்சினுக்கு எஸ்டர் இன்றியமையாததாயிற்று. சாலை வாகனத்துக்கு அது வந்தது 1970-களில்: 1972-ல் ஆம்சாயில், 1974-ல் மொபில் 1. புது எஞ்சினுக்குச் சிந்தெடிக் ஆகாது என்ற நம்பிக்கையை உற்பத்தியாளர்களே 1990-களில் உடைத்தார்கள். 1992 மாடல் கார்வெட் தொழிற்சாலையிலிருந்தே மொபில் 1 நிரப்பி வெளியே வந்தது. போர்ஷே 1996 முதல் அதையே செய்தது. அந்த எஞ்சின்களில் ரிங் உட்காராமல் போகவில்லை.

அடுத்த குழப்பம் பெயரிலேயே நிகழ்ந்தது. கச்சா எண்ணெயிலிருந்து வந்ததானாலும், அதை ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் உடைத்து மூலக்கூறுகளையே மாற்றியமைத்தால் ‘குரூப் 3’ என்ற மிகத் தூய அடிப்படை எண்ணெய் கிடைக்கும். காஸ்ட்ரால் அதைச் சிந்தெடிக் என்று விற்றதை மொபில் எதிர்த்தது. அமெரிக்க விளம்பர நெறி அமைப்பு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பளித்தது. கொரியாவின் உல்சான் நகரில் 1995 முதல் எஸ்.கே. நிறுவனம் இந்தக் குரூப் 3 எண்ணெயைப் பெருமளவில் செய்துவந்தது. ஹூண்டாயின் தாய்த் தொழிற்சாலை இருப்பதும் அதே உல்சானில்தான். ஆக, டப்பாவில் ‘முழு சிந்தெடிக்’ என்று அச்சிட்ட ஆயிலும் பல வேளைகளில் எண்ணெய்க் கிணற்றின் பேரப்பிள்ளையே. ‘சிந்தெடிக் வழுக்கும், மினரல் பிடிக்கும்’ என்ற பட்டறை வாதம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது. ஒரே பாகுத்தன்மையும் ஒத்த சேர்மங்களும் உள்ள இரண்டு ஆயில்கள் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரே தடிமனுள்ள படலத்தைத்தான் தருகின்றன. மேடுகள் தேயும் வேகத்தைத் தீர்மானிப்பதில் பாகுத்தன்மைக்கும் சேர்மங்களுக்கும் இருக்கும் பங்கு, அடிப்படை எண்ணெயின் குலத்துக்கு இல்லை.

கார்த் தொழிற்சாலைகளுக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூருக்கு வேகமான எஞ்சின்கள் வந்துவிட்டன. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரப் பந்தயத் தடத்தைத் திறந்தது. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்கள் இங்கே ஓடின. நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் காலடி வைத்ததும் இத்தகைய காரில்தான். பந்தய எஞ்சின் அடிக்கடி இறக்கப்படும். அதைப் பழக்க ஆயிரம் கிலோமீட்டர் யாரிடமும் இருக்காது. தடத்தில் சில சுற்றுகள், நேர்ச்சாலையில் அழுத்தி ஏற்றுவது, திருப்பத்துக்கு முன் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிடுவது: அழுத்தும்போது ரிங் சுவரை அணைக்கும், விடும்போது கீழிருந்து ஆயில் இழுபட்டு உதிர்ந்த துகளைக் கழுவும். பிறகு ஆயிலை மாற்றிப் பந்தயத்துக்குப் போகலாம். சாலையில் மாதக்கணக்கில் நடந்த சடங்கு இங்கே ஒரு முற்பகலுக்குச் சுருங்கியது. முக்கியமானது ஆயிலின் வகை அல்ல, எஞ்சினுக்குக் கொடுக்கும் சுமை என்பதைத் தடம் தெளிவாகவே காட்டியது.

1996-ல் பதிவான ஹூண்டாய் மோட்டார் இந்தியா, தடத்துக்கு அருகிலேயே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டி 1998 செப்டம்பரில் சான்ட்ரோவைக் கொண்டுவந்தது. 2008-ல் இரண்டாவது ஆலையும் அங்கேயே எழுந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. 2012 ஏப்ரலில் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை. 2013-ல் ராயல் என்ஃபீல்டு திருவொற்றியூரிலிருந்து ஒரகடத்துக்குக் கிளை பரப்பியது. 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொன்று. அரை நூற்றாண்டாக வடசென்னையில் வளர்ந்த எஞ்சின் அறிவு, இருபது ஆண்டுகளில் ஏரிக்கரை வயல்களின் மேல் வேறு உருவில் வந்து இறங்கியது.

அந்த வேறு உருவில் மையமானது ஹோனிங். இக்காலத் தொழிற்சாலையில் சிலிண்டரை ஒரே கல்லால் ஒருமுறை தேய்த்துவிட்டு அனுப்புவதில்லை. முதலில் முரட்டு வைரக் கல் ஆழமான சால்களைப் போடும். அடுத்த கல் அளவைச் சரிசெய்யும். கடைசியில் மிக நுண்ணிய கல், மேடுகளின் நுனியை மட்டும் சில சுற்றுகளில் சீவிவிட்டு நிற்கும். சால் அப்படியே இருக்கும், மேடு தட்டையாகியிருக்கும். இதற்குப் பிளேட்டோ ஹோனிங் என்று பெயர். நுனியின் உயரத்தையும் சாலின் ஆழத்தையும் தனித்தனியாக மைக்ரான் கணக்கில் அளந்து, வரம்பு மீறிய பிளாக்கை ஒதுக்கிவிடுவார்கள். புல்லட்காரர் ஐந்நூறு கிலோமீட்டர் உருட்டிச் செய்த வேலையை இயந்திரம் எஞ்சின் பூட்டப்படும் முன்பே முடித்துவிடுகிறது. பூட்டிய எஞ்சின்களைச் சோதிக்கும் முறையும் மாறியது. முன்பு ஒவ்வொன்றையும் எரிபொருள் ஊற்றி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இப்போது பெரும்பாலான கார் எஞ்சின்களை எரிபொருளே இல்லாமல் மின்மோட்டாரால் சுழற்றி, அழுத்தத்தையும் திருப்புவிசையையும் சென்சாரால் படித்து, நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுகிறார்கள்.

சில கிலோமீட்டர் இடைவெளியில் உருவாகும் இரண்டு வண்டிகளின் கையேடுகளைப் பக்கத்தில் வைத்தால் இந்த வரலாறு முழுவதும் தெரியும். ஹூண்டாய் கார், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சினை 2,000 முதல் 4,000 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளவும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் இருக்கவும் சொல்வதோடு சரி; ஆலையில் நிரப்பிய ஆயில் 10,000 கி.மீ. வரை உள்ளேயே இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு 500 கி.மீ. முதல் சர்வீஸிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுகிறது. இதில் ஒன்று புதுமை, மற்றது பழமை என்று எண்ணிவிடக் கூடாது. 2009-க்குப் பிந்தைய யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் புல்லட்டில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். புதுக் கியர் பற்கள் உதிர்க்கும் துகளும் அந்த ஆயிலுக்குள்ளேயே விழும். அதைச் சீக்கிரம் வெளியேற்றுவது நியாயமே. ஆனால் அந்த வண்டியின் கையேடு கேட்பதும் 15-டபிள்யூ-50 செமி சிந்தெடிக்; ரன்னிங்-இன்னுக்கென்று தனி மினரல் ஆயிலை அது கேட்பதில்லை. கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருப்பதால் ஜாசோ எம்.ஏ. தரம் வேண்டும் என்பதே அங்கே முதன்மையான நிபந்தனை. உராய்வைக் குறைக்கும் சேர்மம் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

பழைய எஞ்சினைப் புதுப்பிப்பவருக்கு மினரல்–சிந்தெடிக் விவாதத்தைவிடப் பெரிய சிக்கல், அதிகம் பேசப்படாமல் ஆயிலுக்குள் நுழைந்தது. 1940-களிலிருந்து எஞ்சின் ஆயிலில் சேர்ந்துவந்த துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம், உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சைப் போட்டுக் காக்கும். அம்பாசடர், பத்மினி, வார்ப்பிரும்புப் புல்லட் போன்றவற்றில் கேம் தட்டையான டேப்பட்டின் மேல் உரசித்தான் ஓடும். புது கேம் போட்ட முதல் இருபது நிமிடத்தில் இந்தப் பூச்சு இல்லையென்றால் கேமின் மூக்கு வழித்துப்போகும். ஆனால் பாஸ்பரஸ் புகைப்போக்கி வழியே சென்று கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அமெரிக்கத் தரக்குறியீடுகளில் இலகு ரக ஆயில்களுக்கான பாஸ்பரஸ் உச்சவரம்பு 1990-களின் நடுவில் 0.10 சதவீதமாகவும், 2004-ல் எஸ்.எம். தரத்தில் 0.08 சதவீதமாகவும் இறங்கியது. ஆகவே பழைய காரைப் புதுப்பித்து, ஆகச் சிறந்த புதுத் தர ஆயிலை ஊற்றியவருக்குக் கேம் தேய்ந்து போவது நடந்தது. பட்டறைகளில் இதற்கு வந்த எளிய வழி, பெட்ரோல் எஞ்சினுக்கும் 15-டபிள்யூ-40 டீசல் ஆயிலையே முதலில் ஊற்றுவது. அதில் அந்தச் சேர்மம் கூடுதலாக இருக்கும். காரணம் தெரிந்து செய்தவர்களும் உண்டு, லாரிக்கு வாங்கியது மிச்சம் இருந்ததால் ஊற்றியவர்களும் உண்டு. பலன் இரண்டிலும் ஒன்றே.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதிகள் வந்தபின் டீசல் எஞ்சினுக்கும் ஆயில் தேர்வு குறுகிவிட்டது. புது லாரிகளின் புகைப்போக்கியில் இருக்கும் துகள் வடிகட்டியை ஆயிலின் சாம்பல் அடைத்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலே ஊற்ற வேண்டும். அத்தகைய எஞ்சினைப் புதுப்பித்தபின் ‘பழகும்வரைதானே’ என்று பழைய வகை ஆயிலை ஊற்றுவது, ரிங்கைக் காப்பாற்றி வடிகட்டியைப் பலியிடுவதாகும். வடிகட்டியின் விலை ரிங் செட்டின் விலையைப்போல் பல மடங்கு.

துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் இடையே ஓடும் டிரெய்லர்கள், கார் ஏற்றும் நீண்ட லாரிகள், ஷிஃப்ட் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்கள் ஆகியவற்றுக்காக வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் இருக்கும் பட்டறைகளில் இப்போது மூன்று விதமான வேலை நடக்கிறது. லைனர் எஞ்சினாக இருந்தால் பழைய லைனரைப் பிடுங்கி, ஆலையிலேயே ஹோன் செய்து பிஸ்டன், ரிங்கோடு கிட்டாக வரும் லைனரை இறக்குவார்கள். அதன் சுவர் தொழிற்சாலையின் கையால் முடிந்தது. கையேடு சொல்லும் ஆயிலை ஊற்றி, சுமையோடு ஓட்டினால் போதும். காராக இருந்தால் பல வேளைகளில் ரீபோரே இல்லை. பிளாக்கும் பிஸ்டனும் சேர்த்துப் பூட்டி வரும் ‘பாதி எஞ்சினை’ அப்படியே வாங்கிப் பொருத்துவது லாபம் என்றாகிவிட்டது. அங்கே முதல் ஆயில் என்ற கேள்வியே எழுவதில்லை. மூன்றாவது, பிளாக்கைக் கடைந்து கையால் ஹோன் போடும் பழைய வேலை. அதில் மேடுகள் சீவப்படாமலே இருக்கின்றன, கழுவல் எவ்வளவு சுத்தம் என்பதும் ஆளைப் பொறுத்தது. அந்த எஞ்சினுக்கு உராய்வுக் குறைப்பான் கலக்காத மலிவான மினரல் ஆயிலும், சீக்கிர வடிப்பும், தயங்காத சுமையும் இன்றும் பொருத்தமானவை. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்குவது நின்றபின் சிந்தெடிக்குக்கு மாறுவதில் தடையில்லை. நிற்கும்வரை காத்திருப்பதுதான் விதி. ஐந்நூறு, ஆயிரம் என்ற எண்கள் வசதிக்காகச் சொல்லப்படுபவை.

வடித்த முதல் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு; பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அதைக் கொடுக்க வேண்டும். பட்டறை வாசலில் இருக்கும் பீப்பாயிலிருந்து அதில் ஒரு பங்கு கட்டட மேஸ்திரிகளுக்கும் போகிறது. கான்கிரீட் ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் தகட்டில் தடவும் ‘வேஸ்ட் ஆயில்’ அதுதான்.